ரொனால்டின் அகலச் சக்கரங்கள்

என் கணவர் ரொனால்டுக்குத் தன் கணக்கு தவறிவிட்டது என்று சொல்ல வாய் வராது. ஒரு நாள் குழம்பில் அவரே இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டு, கடைக்காரன் கரிப்பு கூடிய உப்பாகப் பார்த்துக் கொடுத்துவிட்டான் என்று சாதித்தார். மற்றபடி தங்கமான மனிதர். இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் சக்கரம் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

2005 ஜனவரி. அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். நான் திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் டீச்சர். எங்களிடம் ஒரு பழைய வெள்ளை மாருதி ஜென் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய்விட்டு வந்தவர், பின் சீட்டிலிருந்து நான்கு அலாய் சக்கரங்களை ஒவ்வொன்றாக இறக்கி வாசலில் வைத்தார். ரேஸ் பைத்தியம் பிடித்த ஒரு பையன் விற்றதாம்.

"ஏழு இஞ்ச் அகலம் மேரி!" என்றார். பிறந்த பிள்ளையின் எடையைச் சொல்லும் தகப்பன் முகம் அப்போது அவருக்கு.

எங்கள் வண்டியின் பழைய ரிம் நாலரை இஞ்சுதான். ஏழு இஞ்ச் ரிம்முக்கு ஏற்ற அகல டயரை மாட்டினால் அது மட்கார்டில் உரசும். அதனால் பழைய அளவிலேயே ஒல்லியாகப் புது டயர் வாங்கி, அதை இழுத்துப் பிடித்து அந்த அகல ரிம்மில் மாட்டுவது என்று முடிவு செய்தார். பழனி ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் நூர் அகமது பாய் தலையில் அடித்துக்கொண்டார். காற்றடித்தால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக அத்தனையும் புஸ்ஸென்று வெளியே போனது. கடைசியில் டயரைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, மறுபடி காற்றடித்ததும் 'டப்' என்ற சத்தத்தோடு ரிம்மில் போய் உட்கார்ந்தது.

"சின்னப் புள்ள சட்டையப் பெரியாளுக்கு மாட்டுன மாதிரி இருக்கு சார்," என்றார் பாய்.

"அதான் பாய் வேணும். டயர் பக்கவாட்டுல இழுத்துப் பிடிச்சு நிக்குதுல்ல? வளைவுல மடங்காது. ஸ்டீயரிங் சொன்னத உடனே கேக்கும். சக்கரம் அகலம், ரோட்டையும் அகலமாக் கவ்வும்."

முதல் பாதியை நான் எதிர்க்கவில்லை. இரண்டாம் பாதியைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. ரோட்டைத் தொடுவது ரிம் அல்லவே, டயர்தானே! ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். கட்டிய கணவரை அப்படிக் கோடு போட முடியாது.

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் நானும் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் பாத்திமா மாதாவின் பெயரைத் தாங்கிய என் தங்கை பாத்திமாவுக்குப் பிப்ரவரி ஏழாம் தேதி கல்யாணம். ஒன்பதாம் தேதி திருநீற்றுப் புதன். அதற்குப் பிறகு தவக்காலம் முடியும்வரை கத்தோலிக்கர்களான எங்களில் யாருக்கும் கல்யாணம் கிடையாது. கன்னிவாடி ரோட்டில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் கோயிலுக்குப் பெண்ணைக் காரில் அழைத்து வர வேண்டும். அதை ஓட்டுவது வீட்டு ஆண்பிள்ளைதான் என்பது எங்கள் குடும்பப் பழக்கம். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்தான்.

"அத்தான் ஓட்டுனாத்தான் நான் ஏறுவேன்," என்று பாத்திமா சொல்லிவிட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்பா நழுவியதற்குக் காரணம் உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நண்பரின் ஜீப்பை இரவல் வாங்கி, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மலை ரோட்டில் போனார் ரொனால்டு. மழை ஈரம். ஒரு வளைவில் ஜீப் வழுக்கிப் புதருக்குள் போய் நின்றது. அப்பாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் தொட்டில் கட்டிய கையோடு தக்காளிக் காட்டில் நின்றார். ரோடு போட்டவன் வளைவை ஒழுங்காகப் போடவில்லை என்றார் ரொனால்டு. அன்றிலிருந்து "வாங்க மாப்ளே, சாப்டுங்க மாப்ளே" என்ற மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸுக்குத்தான் நிற்பார்.

அந்தச் சக்கரங்களை ரொனால்டு ஏன் வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் அப்பாவை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை வழுக்கக் கூடாது, அவ்வளவுதான். இது தெரிந்த பிறகு அவரை எப்படித் திட்டுவது? இருந்தாலும் திட்டினேன்.

ஜனவரிக் கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார். "ரோஸ்மேரி பாத்துச் சொல்லட்டும். வண்டி பயமில்லேன்டு அவ சொன்னா மாப்ளயே ஓட்டட்டும். இல்லேன்னா வாடகைக் கார்தான்."

அப்பாவுக்கு என் வார்த்தைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. பத்து வயதில் சந்தையில், அப்பா விற்றுக்கொண்டிருந்த தக்காளிக் கூடையைக் காட்டி, "அடியில உள்ளது அழுகல்," என்று வாங்க வந்தவரிடம் சொல்லிவிட்டேன். வியாபாரம் போனது. அப்பா என்னை அடிக்கவில்லை, ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். அப்பா தராசை என் கையில் கொடுத்துவிட்டார். ஒரு தட்டில் என் தங்கையின் உயிர், மறு தட்டில் என் கணவரின் மானம்.

எனவே ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, டயரில் ரப்பர் ஸ்டாம்ப் மையைத் தடவி, அடியில் கட்டம் போட்ட தாளை வைத்து இறக்கினேன். பழைய சக்கரத்துக்கும் அதே மாதிரி. கட்டங்களை எண்ணினால், அகலச் சக்கரம் ரோட்டைத் தொட்ட இடம் ஒரு கட்டம்கூட அதிகமில்லை. இழுத்து மாட்டிய டயர் கழன்றுவிடாமலிருக்கக் காற்று அதிகம் வைத்திருந்ததால், தொட்ட இடம் கொஞ்சம் குறைந்தே இருந்தது. ஓரங்களில் மை சரியாகப் பதியவும் இல்லை.

ரொனால்டு தாளைத் தலைகீழாகவும் பார்த்தார். "நான் பேப்பர்லயா ஓட்டுறேன் மேரி? ரோட்டுல ஓட்டுறேன்."

அதுவும் நியாயமான பேச்சுதான். சரி, ரோட்டிலேயே பார்த்துவிடுவோம் என்று அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். நூர் அகமது பாயிடமும் இதே ஜென், கம்பெனி சக்கரத்தோடு இருந்தது. அவரையும் கெஞ்சிக் கூட்டிப் போனேன். பள்ளியில் நீளம் தாண்டும் போட்டிக்கு வைத்திருக்கும் டேப்பை இரவல் வாங்கியிருந்தேன்.

அப்போது கொள்ளு அறுவடை. எங்கள் ஊர்ப் பக்கம் தை, மாசியில் பாதி ரோடு களமாகிவிடும். பறித்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு, போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மணியை உதிர்க்கட்டும் என்று காத்திருப்பார்கள். கல்யாணத்தன்று பெண் வருகிற வழியும் அதுதான். கொள்ளுமணி உருண்டை, வழவழப்பு. அதன்மேல் பிரேக் போட்டுப் பார்ப்பதைவிடப் பெரிய பரீட்சை எங்கள் ஊரில் கிடையாது.

அந்தக் கொள்ளு பெரியகருப்பனுடையது. அப்பாவுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர். இரண்டு கார்கள் தன் கொள்ளின்மேல் ஓடப் போகின்றன என்று கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். ஒரு கோடு போட்டேன். முப்பது வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் அடிக்க வேண்டும். நான் ரொனால்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரேக் அடித்தார். வண்டி நின்றபாடில்லை. பின்பக்கம் மெல்ல ஒதுங்கி, ஓரத்துப் புளியமரத்தைப் பார்க்கத் திரும்பி, அப்புறம்தான் நின்றது. இறங்கி அளந்தேன். நாற்பத்தாறு அடி. பாயின் வண்டி முப்பத்தெட்டு.

"கொள்ளுமேல எந்த வண்டியும் வழுக்கும்," என்றார் ரொனால்டு.

"ரெண்டும் ஒரே கொள்ளுதானேங்க?"

"டீச்சரம்மா," என்று கவைக்கம்பால் செடியைப் புரட்டிவிட்டபடி பெரியகருப்பன் குறுக்கே வந்தார், "ஒரு தடவ பாத்தா என்னாத் தெரியும்? இன்னொருக்கா ஓட்டச் சொல்லுங்க. செத்த இந்தப் பக்கமா."

அப்படி ஆறு தடவை ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று சொன்னவர் பெரியகருப்பன் ஒருவர்தான். பாய்க்கு விஷயம் புரிந்தபோது முக்கால்வாசிக் கொள்ளு உதிர்ந்திருந்தது. அளவு ஓரிரு அடி கூடிக் குறைந்ததே தவிர, கதை மாறவில்லை. பிறகு, நியாயமாக இருக்க வேண்டுமே என்று, கொள்ளு இல்லாத தாரிலும் இருவரையும் வண்டி மாற்றி ஓட்டச் சொன்னேன். ரொனால்டின் வண்டியிலிருந்து இறங்கிய பாய், "உள்ளதச் சொல்லணும் டீச்சர். ஸ்டீயரிங்க இம்புட்டுத் திருப்புனா வண்டியும் உடனே அம்புட்டுத் திரும்புது. என் வண்டி யோசிச்சுட்டுத்தான் திரும்பும்," என்றார். ரொனால்டின் முகம் மலர்ந்தது. அதையும் நோட்டில் எழுதினேன். "ஆனா ஒரு குழியில விட்டேன் சார், நடு முதுகுல குத்துச்சு," என்று பாய் சேர்த்துக்கொண்டார். போய்ப் பார்த்தால், டயருக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த ரிம்மின் விளிம்பு கல்லில் பட்டுச் சின்னதாகப் பெயர்ந்திருந்தது.

ஆக, திரும்புவதில் சுறுசுறுப்பு, நிற்பதில் மோசம், குழியில் படுமோசம். நோட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி அடிக்கோடு போட்டேன். பாய் டவுனுக்குக் கிளம்பினார். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்பா வீட்டுக்குப் போனோம்.

கை கழுவிக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனபோது அப்பா ஜன்னலோரம் வந்து நின்றார். "என்னத்தா, பாத்தியா? வண்டி எப்படி?"

ஜன்னல் வழியாக வெளியே ரொனால்டு தெரிந்தார். வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு வேப்பங்குச்சியால் டயர் இடுக்கில் மாட்டியிருந்த கொள்ளுமணிகளை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். பெயர்ந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார். துடைத்தால் சரியாகிவிடும் என்பது போல மறுபடியும் துடைத்தார்.

"பயமில்லப்பா," என்றேன். "ரோட்ட நல்லாக் கவ்வுது."

"சரித்தா. நீ சொன்னாப் போதும்." அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உள்ளே திரும்பி, "ஏ அன்னாள், மாப்ளதான் ஓட்டுறாரு!" என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார். அம்மா சந்தோஷத்தில் என் தட்டில் இன்னொரு கரண்டி வெஞ்சனம் வைத்தாள். நான் அதைச் சோற்றோடு பிசைந்துகொண்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்தார். இனி அடக்க முடியாது என்று விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அப்பாகிட்ட வண்டி நல்லாருக்குன்டு சொல்லிட்டேன்."

அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "நீயா?"

"நான்தான்."

"நோட்டுல என்ன எழுதிருக்க?"

"நாப்பத்தாறு, முப்பத்தெட்டு."

"பெறகு ஏன் மேரி?"

"உங்களை வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. எங்க வீட்ல அத்தன பேரு முன்னாடி நீங்க ஓரமா நிக்கிறத என்னால பாக்க முடியாதுங்க. எதுக்கு அந்தச் சக்கரத்த வாங்குனீங்கன்டு எனக்குத் தெரியாதா?"

ரயில் போனது. கேட் தூக்கினார்கள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவர் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கியர் போட்டு, குழிகளை ஒதுக்கி ஒதுக்கி வீட்டுக்கு ஓட்டினார். சண்டை போடாத ரொனால்டை எனக்குப் பழக்கமில்லை. பயமாக இருந்தது.

மறுநாள் மாலை பள்ளியிலிருந்து வந்தபோது வாசலில் வண்டி பழைய சக்கரங்களோடு நின்றது. துருப்பிடித்த இரும்பு ரிம்களைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். நான்கு அலாய் சக்கரங்களும் படுக்கையறை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, மேலே என் பழைய சேலை மூடியிருந்தது. மில்லுக்கு லீவு போட்டிருக்கிறார்.

"என்னங்க இது?"

"நீ பொய் சொல்ற ஆளு இல்ல மேரி. எனக்காகச் சொல்லிட்ட. அதை அப்படியே விட்டுட முடியுமா? ரோட்டக் கவ்வுதுன்டு சொன்னல்ல, இப்பக் கவ்வும். இனி அது பொய்யில்ல."

நான் அவர் தோளில் இரண்டு அடி வைத்தேன். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டேன். வாசல் கதவு திறந்திருந்தது, யார் பார்த்தார்களோ தெரியாது. என் முதுகைத் தட்டிக்கொண்டே, "சக்கரத்துல ஒண்ணும் கோளாறு இல்ல. கொள்ளுதான் கோளாறு," என்றார்.

கல்யாணத்தன்று காலை வண்டி முழுக்க மல்லிகைச் சரம். பாத்திமா முழந்தாளிட்டு அப்பா அம்மாவிடம் நெற்றியில் சிலுவை அடையாளம் வாங்கிக்கொண்டு, பின் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்பா வேட்டி நுனியைப் பிடித்தபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சக்கரத்தருகே நின்றுவிட்டார்.

"மாப்ளே, பளபளன்டு நாலு சக்கரம் இருந்துச்சே? நல்ல நாளும் பொழுதுமா அத ஏன் மாத்துனீங்க?"

பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்டீயரிங் முன்னால் இருந்த ரொனால்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"கழட்டிட்டேன் மாமா. கொள்ளுமேல பிரேக் அடிச்சா இது முப்பத்தெட்டு அடியில நிக்குது. அது நாப்பத்தாறு. மேரிதான் டேப் வச்சு அளந்தா. அவ அளந்தா சரியா இருக்கும்."

அப்பா குனிந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "அளந்துட்டுத்தான் எங்கிட்ட அப்படிச் சொன்னியாத்தா?"

பாத்திமாவின் மடிப்பு கையிலிருந்து நழுவியது. "ஆமாப்பா."

போட்டோக்காரர் எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க என்கிறார், அம்மா நேரமாகிறது என்கிறாள், எனக்கு எதுவும் உறைக்கவில்லை. முப்பத்து நான்கு வயதில் அப்பா முன்னால் இப்படித் தலைகுனிவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அப்பா என்னைப் பார்த்தார், ரொனால்டைப் பார்த்தார்.

"எட்டு அடிக்காகவா அம்புட்டு அழகான சக்கரத்தக் கழட்டுனீங்க?"

"பாத்திமா உக்காருற வண்டி மாமா. நீங்களும்."

அப்பா பழைய ரிம்மை ஒரு தட்டுத் தட்டினார். என்னைப் பார்த்து, "ஒரு பொய்யி, அதுவும் புருசனுக்காக. போனாப் போகுது போ," என்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன் கதவைத் திறந்து ரொனால்டின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவர் கை தானாகப் போய்க் காறை எலும்பைத் தடவியது. பிறகு அந்தக் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"விடுங்க மாப்ளே."

ரொனால்டு ஓட்டிய வேகத்தில் எங்களைச் சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின. மல்லிகை வாடும் அளவுக்கு மெதுவாகப் போனார். பாதி வழியில் அப்பா, "மாப்ளே, பாதருக்கு மத்தியானம் வேற பூசையிருக்கு," என்றார். பாத்திமா குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், அப்பா பேசினாரே என்ற நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்தது.

கோயில் வாசலில் இறங்கியதும் சொந்தக்காரர்களை ஏற்றி வந்த வேன் டிரைவர் அப்பாவிடம் வந்தார். "சாயங்காலம் ஊருக்குத் திரும்புறப்ப உங்களுக்கும் ஆத்தாவுக்கும் முன் சீட்டு போட்டு வைக்கவா ஐயா?"

"வேணாம்ப்பா," என்றார் அப்பா. "நாங்க மாப்ள வண்டியில போயிக்கிறோம்."

சொல்லிவிட்டு, பாத்திமாவின் கையைப் பிடித்துப் படியேறினார். ரொனால்டு அதைக் கேட்டார். வண்டியின் மறுபக்கம் போய், காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல டயருக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டார். நான் போய் அவர் பக்கத்தில், பட்டுச்சேலை தரையில் புரள, உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானையை நீட்டினேன். உள்ளே பாட்டு ஆரம்பித்தும் சிறிது நேரம் நாங்கள் எழுந்திருக்கவில்லை.